ஏலக்காய், மஞ்சள், ஆர்கிட்: கண்ணுக்குள் முளைக்கும் ரத்தக்குழாயைத் தாவர மருந்து தடுக்குமா?

போடிநாயக்கனூரில் இருந்து சுமார் 16 கிலோமீட்டர் மலைப்பக்கம் போனால் குரங்கணி. கொட்டகுடி ஆறு இறங்கி வரும் அடிவாரம் அது. அதற்கு மேலே டாப் ஸ்டேஷன் வரை காப்பி, மிளகு, ஏலக்காய் என்று தோட்டங்கள் ஏறிக்கொண்டே போகும். 2018 மார்ச் காட்டுத்தீயால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்த பெயர் இது. உள்ளூர்க்காரர்களுக்கோ இது காய் விளையும் ஊர்.

இந்த மலைச் சரக்குகளைப் பற்றி வாட்ஸ்ஆப்பில் வரும் செய்திகளுக்குக் குறைவே இல்லை. "தினமும் ரெண்டு ஏலக்காய் மென்னா கண்ணு தெளியும்", "மஞ்சள் சாப்பிட்டா கண்ணுல ஊசியே போட வேண்டாம்" என்கிற மாதிரி. கேட்பவர்களில் சுகர் வந்து, கண்ணில் ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்தவர்களும் இருப்பார்கள். அவர்களுக்கு இது பொழுதுபோக்குச் செய்தி அல்ல. ஊசிக்குப் போவதா, வேண்டாமா என்று முடிவு செய்கிற விஷயம்.

இதில் குழப்பம் என்னவென்றால், அந்தச் செய்திகள் முழுப் பொய்யும் இல்லை. கண்ணுக்குள் தேவையில்லாமல் வளரும் ரத்தக்குழாய்களைத் தாவரங்களில் இருந்து கிடைக்கும் வேதிப்பொருட்களால் தடுக்க முடியுமா என்று உலகின் பல ஆய்வகங்களில் நிஜமாகவே ஆராய்ச்சி நடக்கிறது. சில முடிவுகள் நம்பிக்கை தருகின்றன. ஆனால் ஆய்வகத்துக்கும் அஞ்சறைப் பெட்டிக்கும் நடுவே உள்ள தூரம், குரங்கணிக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் நடுவே உள்ள ஏற்றத்தைவிடப் பெரியது.

கண்ணுக்குள் ரத்தக்குழாய் ஏன் முளைக்கிறது?

கண்ணின் உள்சுவரில் படிந்திருக்கும் மெல்லிய படலம்தான் விழித்திரை. பழைய கேமராவில் ஃபிலிம் இருக்கும் இடம் என்று வைத்துக்கொள்ளலாம். எடைக்கு எடை பார்த்தால் உடம்பிலேயே அதிகமாக ஆக்சிஜன் செலவழிக்கும் திசுக்களில் இதுவும் ஒன்று. சர்க்கரை நோய் பல வருஷம் நீடித்தால் விழித்திரையின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் அடைத்துப் போகும். அந்தப் பகுதி மூச்சுத் திணறி, 'எனக்கு ரத்தம் வேணும்' என்று ஒரு புரதத்தைச் சுரக்கும். அதன் பெயர் விஇஜிஎஃப். ரத்தக்குழாயின் உட்சுவர் செல்களை வளரத் தூண்டும் காரணி என்று பொருள்.

சத்தம் கேட்டு உதவி வருகிறது, ஆனால் ஒழுங்காக வருவதில்லை. புதிதாக முளைக்கும் குழாய்கள் சுவர் பலமில்லாதவை. கசியும், உடையும். உடைந்தால் கண்ணுக்குள் ரத்தம் கொட்டி, பார்வையில் கறுப்பு நூலும் நூலாம்படையும் மிதப்பது போலத் தெரியும். போகப்போக அவை தழும்பாகி, விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடும்.

வயதானவர்களுக்கு வருவது வேறு வகை. விழித்திரைக்குப் பின்னால் உள்ள அடுக்கில் இருந்து குழாய்கள் முளைத்து, பார்வையின் மையப்புள்ளியான மேக்குலாவுக்கு அடியில் கசியும். நேராக இருக்கும் கதவு நிலையும் கரண்ட் கம்பமும் நெளிந்து தெரியும். எதிரில் நிற்பவரின் முகம் தெரியாது, ஓரத்தில் நிற்பவரைத் தெரியும். இவை போக, குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையிலும், புண்ணாகி ஆறிய கருவிழியிலும் இதே கோளாறு வரும்.

எத்தனை பேர் ஆபத்தில் இருக்கிறார்கள்? 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் – இந்தியாப் ஆய்வின்படி நாட்டில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடி பேர். சென்னை நகரில் முன்பு நடந்த இரண்டு பெரிய ஆய்வுகளும் ஏறக்குறைய ஒரே கணக்கைத்தான் சொல்லின: சர்க்கரை நோயாளிகளில் ஆறு பேருக்கு ஒருவர் வீதம் விழித்திரை பாதிப்பு இருந்தது. அவர்கள் எல்லோருக்கும் புதுக் குழாய் முளைத்துவிடுவதில்லை. முளைப்பது அதில் ஒரு பகுதியினருக்குத்தான். ஆனால் யாருக்கு முளைக்கிறது என்பது கண்ணைத் திறந்து பார்க்காமல் தெரியாது.

கருவிழி கண்ணாடி போல் இருப்பது எப்படி?

கொஞ்சம் விலகி ஒரு சுவாரசியம். உடம்பு முழுக்க ரத்தக்குழாய் ஓடும்போது கருவிழியில் ஏன் ஒன்றுகூட இல்லை? இதற்கு விடை கண்டவர்களில் ஒருவர் வேலூரில் பிறந்த கண் மருத்துவர் பாலமுரளி அம்பாடி. 17 வயதிலேயே அமெரிக்காவில் டாக்டர் பட்டம் வாங்கிச் செய்தியானவர். 2006-ல் அவரும் அவரது அண்ணன் ஜெயகிருஷ்ணா அம்பாடி உள்ளிட்ட குழுவினரும் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரைப்படி, கருவிழி தனக்குள்ளேயே ஒரு பொறியை வைத்திருக்கிறது. விஇஜிஎஃப் வந்தால் பிடித்துக் கட்டிப்போடும் ஒரு புரதம். மானட்டி என்கிற கடல்வாழ் விலங்குக்கு அந்தப் பொறி இல்லை, அதனால் அதன் கருவிழியில் ரத்தக்குழாய் ஓடுகிறது. மன்னார் வளைகுடாவில் இருக்கும் கடற்பசு மானட்டிக்கு நெருங்கிய சொந்தம்தான். ஆனால் கடற்பசுவுக்கும், யானைக்கும் பொறி இருக்கிறது, கருவிழியும் தெளிவாக இருக்கிறது.

இன்று கண்ணில் போடும் ஊசிகளும் இதே தந்திரத்தைத்தான் செய்கின்றன.

இப்போது என்ன சிகிச்சை இருக்கிறது?

விஇஜிஎஃப் புரதத்தைப் பிடித்து முடக்கும் மருந்தை ஊசி மூலம் நேராகக் கண்ணுக்குள் செலுத்துவார்கள். கேட்கவே பயமாக இருந்தாலும், மரத்துப்போகும் சொட்டு போட்டு, சில நொடிகளில் முடிந்துவிடும் வேலை. பெவாசிஸுமாப் முதலில் பெருங்குடல் புற்றுநோய்க்காக 2004-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. அதைச் சிறு அளவாகப் பிரித்துக் கண்ணில் போடலாம் என்று மறுவருஷமே டாக்டர்கள் கண்டுகொண்டார்கள். கண்ணுக்கென்றே வந்த ரானிபிஸுமாப் 2006-ல் வந்தது. விலை பல மடங்கு. இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட அமெரிக்க அரசு நிதி ஆய்வு 2011-ல் சொன்ன முடிவு: வயதானவர்களின் மேக்குலா நோயில் பார்வையைக் காப்பதில் இரண்டும் சமம். அஃப்லிபர்செப்ட், ஃபாரிசிமாப் ஆகியவை பிறகு வந்தவை. ரானிபிஸுமாபுக்கு இணையான உள்நாட்டுத் தயாரிப்பும் 2015 முதல் இந்தியாவில் கிடைக்கிறது. சர்க்கரை நோயில் புதுக் குழாய் முளைத்தவர்களுக்கு லேசர் சிகிச்சையும் பல பத்தாண்டுகளாக உண்டு.

இந்த ஊசி வருவதற்கு முன்பு, மேக்குலாவுக்கு அடியில் குழாய் முளைத்தால் பார்வை போவதைத் தள்ளிப்போடத்தான் முடியும். இப்போது நிறைய பேருக்கு இருக்கிற பார்வையைக் காப்பாற்றலாம், சிலருக்குக் கொஞ்சம் மீட்கவும் செய்யலாம்.

அப்படியானால் புது மருந்து எதற்கு? ஊசியின் வேலை சில வாரங்களில் தீர்ந்துவிடும் என்பதுதான் பிரச்னை. முதலில் மாதம் ஒன்று வீதம் சில ஊசிகள், பிறகு கண்ணைப் பார்த்து இடைவெளி விட்டு ஊசிகள். வருஷக்கணக்கில் நீளும். சிலருக்கு ஊசி போட்டும் கசிவு நிற்பதில்லை. ஜீப்பில் ஏறி மலைத்தோட்டத்துக்கு நாள்கூலிக்குப் போகிற ஒருவருக்கு ஒவ்வொரு ஊசியும் ஒரு நாள் சம்பளம், துணைக்கு வருகிற மகனின் ஒரு நாள் சம்பளம், பஸ் காசு. இரண்டாவது, மூன்றாவது ஊசியோடு நிறுத்திவிடுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். ஊசிக்குப் பதிலாக ஒரு மாத்திரையோ சொட்டு மருந்தோ வந்தால், அல்லது வருஷத்துக்கு ஓரிரு ஊசி போதும் என்றானால், அது பெரிய விடுதலை. தாவரங்களைத் தேடிப் போவதற்குக் காரணம் இதுதான்.

தாவரத்தில் இருந்து கண் மருந்து: புதுசு இல்லை

கண் மருத்துவம் தாவரங்களுக்கு ஏற்கெனவே கடன்பட்டது. கண் அழுத்த நோய்க்குப் போடும் பைலோகார்பின், தென் அமெரிக்கச் செடி ஒன்றின் இலையில் இருந்து 1870-களில் பிரித்தெடுத்தது. கண்மணியை விரிக்கும் அட்ரோபின் பெல்லடோனா செடியில் இருந்து வந்தது. நம்மூர் ஊமத்தையிலும் அதே வகைப் பொருள் உண்டு. ஊமத்தைச் சாறு தவறிப்போய் கண்ணில் பட்டால் கண்மணி விரிந்துபோவதற்குக் காரணம் அதுதான். ஒரே செடி, அளந்து கொடுத்தால் மருந்து, அளவு தெரியாமல் போனால் விஷம்.

ஆர்கிட் கிழங்கில் கிடைத்த தடயம்

ரத்தக்குழாய் விஷயத்தில் இதுவரை நன்றாகத் துருவப்பட்ட கதை ஓர் ஆர்கிட் செடியுடையது. கிழக்காசிய நாட்டு வைத்தியத்தில் பயன்படும் கிரெமாஸ்ட்ரா அப்பென்டிகுலாட்டா. அதன் கிழங்கில் இருந்து கொரிய ஆய்வாளர்கள் பிரித்த கிரெமாஸ்ட்ரனோன் என்ற பொருள், ரத்தக்குழாய் செல்கள் பெருகுவதைத் தடுத்தது. கிழங்கைத் தோண்டித் தோண்டி எடுத்தால் செடியே அழிந்துபோகும், கிடைப்பதும் துளியூண்டு. எனவே அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் டிமோதி கார்சன் குழுவும் கொரியாவின் வேதியியலாளர்களும் சேர்ந்து அதை ஆய்வகத்திலேயே செயற்கையாகத் தயாரித்து, அதைப் போன்ற வேறு மூலக்கூறுகளையும் உருவாக்கினார்கள்.

அடுத்த கேள்விதான் முக்கியம். இது செல்லுக்குள் போய் எதைப் பிடிக்கிறது? அதைக் கண்டுபிடிக்க அந்த மூலக்கூறையே தூண்டில் இரையாக்கினார்கள். செல்லின் புரதங்களுக்கு நடுவே அதை விட்டு, எது வந்து ஒட்டுகிறது என்று பார்த்தார்கள். ஒட்டியது யாரும் எதிர்பார்க்காத ஒரு நொதி: ஃபெரோகெலடேஸ். ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் 'ஹீம்' தயாரிப்பில் கடைசிக் கட்டமாக இரும்பைச் சேர்த்து வைக்கும் நொதி அது. அதற்கும் கண்ணில் குழாய் முளைப்பதற்கும் தொடர்பு இருக்கும் என்று அதுவரை தெரியாது. 2017-ல் வெளியான ஆய்வின்படி, அந்த நொதியை முடக்கியபோது எலிகளின் கண்ணில் புதுக் குழாய் வளர்ச்சி குறைந்தது.

இங்கே ஒரு திருப்பம். படர்தாமரைக்குப் பல பத்தாண்டுகளாகக் கொடுத்துவரும் கிரிசியோஃபல்வின் என்ற மாத்திரையும் அதே நொதியைத் தடுக்கக்கூடியது. அது செடியில் இருந்து வந்ததல்ல, பூஞ்சையில் இருந்து வந்தது. எலிகளில் அதுவும் வேலை செய்தது. அதற்காக மெடிக்கல் ஷாப்பில் கிரிசியோஃபல்வின் வாங்கிச் சாப்பிடக் கூடாது. கண் நோய்க்கு அதற்கு அனுமதி இல்லை, எந்த அளவு என்பதும் முடிவாகவில்லை. இந்தக் கதையில் செடி கொடுத்தது மருந்தை அல்ல, முகவரியை. 'இந்த நொதியைப் போய்ப் பார்' என்று காட்டிக்கொடுத்தது. தாவர ஆராய்ச்சியின் பெரிய லாபம் பல நேரம் இப்படித்தான் வருகிறது.

கிரெமாஸ்ட்ரனோன் சேர்ந்த வேதிக் குடும்பத்துக்கு ஹோமோஐசோஃப்ளேவனாய்டு என்று பெயர். அதே குடும்பத்துப் பொருட்கள் பதிமுகத்திலும் உண்டு. மலையைத் தாண்டி இடுக்கிப் பக்கம் ஹோட்டல்களில் இளஞ்சிவப்பாக வெந்நீர் வைப்பார்களே, அந்தக் கட்டைதான். அதனால் பதிமுகத் தண்ணீர் குடித்தால் விழித்திரை சரியாகும் என்று யாராவது வீடியோ போடுவதற்கு முன்பே சொல்லிவிடலாம்: ஒரே குடும்பம் என்பதால் ஒரே வேலை செய்யும் என்று அர்த்தமில்லை. டம்ளரில் கரையும் அளவு எவ்வளவு, அதில் கண் வரை போய்ச் சேர்வது எவ்வளவு என்பது வேறு கணக்கு.

சரி, ஏலக்காயில் என்ன இருக்கிறது?

கார்டமோனின் என்று ஒரு பொருள் உண்டு. பெயரைக் கேட்டாலே ஏலக்காய் மணக்கும். தொப்புள்கொடி ரத்தக்குழாயில் இருந்து எடுத்து வளர்த்த செல்களில், விஇஜிஎஃப் தூண்டும் வளர்ச்சியைக் கார்டமோனின் குறைப்பதாக ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. ஆனால் ஆய்வுகளில் பேசப்படும் கார்டமோனின் பெரும்பாலும் ஏலக்காயின் உறவினரான சித்தரத்தை இனத்துச் செடிகளில் இருந்து பிரித்தது. போடி ஏல மையத்தில் மணத்தையும் நிறத்தையும் பார்த்து விலை வைக்கிறார்களே, அந்த மணத்துக்குக் காரணம் சினியோல், டெர்பினைல் அசிடேட் என்கிற வேறு எண்ணெய்ப் பொருட்கள். ஏலக்காய் மென்றால் வாய் மணக்கும். விழித்திரையில் முளைத்த குழாய் சுருங்கும் என்பதற்கு மனிதர்களிடம் ஆதாரம் கிடையாது.

மஞ்சளின் கதை கொஞ்சம் வலுவானது, அதுவும் இந்தியாவில் நடந்தது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள், சர்க்கரை நோய் வரவைத்த எலிகளுக்குத் தீவனத்தில் மஞ்சளையும் அதில் உள்ள குர்குமினையும் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். விழித்திரையில் விஇஜிஎஃப் கூடுவது தடுக்கப்பட்டதாக 2007-ல் எழுதினார்கள். நல்ல தடயம்தான். ஆனால் மனித உடம்பு குர்குமினை லேசில் உள்ளே விடுவதில்லை. குடலில் உறிஞ்சப்படுவது சொற்பம், உறிஞ்சியதையும் கல்லீரல் சீக்கிரமே மாற்றி வெளியே தள்ளிவிடும்.

'மிளகு சேர்த்தா 20 மடங்கு ஏறும்' என்று சொல்வார்கள். அதுவும் நிஜமான ஆய்வுதான்: 1998-ல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் நடந்தது. மிளகின் காரமான பைப்பரின் சேர்த்தபோது ரத்தத்தில் குர்குமின் அளவு 20 மடங்கு கூடியது. ஆனால் மிகச் சிறிய ஓர் எண்ணை 20-ஆல் பெருக்கினாலும் அது சிறியதாகவே இருக்கலாம். தவிர, பைப்பரின் குர்குமினுக்கு மட்டும் கதவைத் திறப்பதில்லை, வேறு சில மாத்திரைகளின் அளவையும் ரத்தத்தில் ஏற்றிவிடக்கூடும். சுகர், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் குர்குமின் – பைப்பரின் கேப்ஸ்யூல் வாங்கும் முன் டாக்டரிடம் சொல்ல வேண்டியது இதனால்தான். ரசத்தில் போடும் மஞ்சளுக்கும் மிளகுக்கும் இந்தப் பயம் தேவையில்லை.

ஆய்வகத்தில் ஜெயித்தது ஏன் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை?

தட்டில் வளரும் செல் மீது மருந்தை நேரடியாக ஊற்றலாம். கண்ணுக்குள் அப்படி முடியாது. விழித்திரைக்கும் ரத்தத்துக்கும் நடுவே இறுக்கமான தடுப்பு ஒன்று உண்டு. வாய் வழியாகப் போகும் பொருள்களில் பெரும்பாலானவற்றை அது வடிகட்டிவிடும். சொட்டு மருந்தாகப் போட்டால் பெரும்பகுதி கண்ணீரோடு வழிந்துவிடும், பின்பக்கம் போய்ச் சேர்வது மிகக் குறைவு. ஆய்வக எலிக்கும் நமக்கும் வித்தியாசம் வேறு. எலியின் கண்ணில் லேசரால் ஓட்டை போட்டுக் குழாயை முளைக்கவைக்கிறார்கள், அது சில வாரத்துச் சமாசாரம். மனிதருக்கு வருவது வருஷக்கணக்கான நோய்.

தென் ஆப்பிரிக்கக் காட்டு மரம் ஒன்றின் பட்டையில் கிடைத்த கோம்பிரெட்டாஸ்டாட்டின் இதற்கு உதாரணம். கடுக்காய், மருதமரக் குடும்பத்தைச் சேர்ந்த மரம் அது. அதில் இருந்து செய்த மருந்து கண் நோயாளிகளிடம் சோதனை வரைக்கும் போனது, கடைக்கு வரவில்லை. சொட்டு மருந்துக் கனவுக்கு இன்னோர் அடி, சுறா மீனில் இருந்து வந்த ஸ்குவாலமின். ஊசியோடு சேர்த்து அந்தச் சொட்டையும் போட்டுப் பார்த்த பெரிய சோதனை, ஊசி மட்டும் போட்டதைவிடக் கூடுதல் பலன் இல்லை என்று 2018-ல் முடிந்தது.

தாவரப் பொருளாகக் கண் டாக்டர்கள் இன்று எழுதிக் கொடுப்பதில் முக்கியமானது லூட்டின். செண்டுமல்லிப் பூவின் மஞ்சள் நிறம்தான் அது. 2013-ல் வெளியான அமெரிக்க ஆய்வுக்குப் பிறகு, வயது சார்ந்த மேக்குலா நோய் நடுத்தரக் கட்டத்தில் உள்ளவர்களுக்கான வைட்டமின் மாத்திரையில் பீட்டா கரோட்டினுக்குப் பதிலாக லூட்டினும் சியாசாந்தினும் இடம்பிடித்தன. நோய் முற்றும் வேகத்தைக் குறைக்கத்தான் அந்த மாத்திரை. முளைத்துவிட்ட குழாயை அது சுருக்காது. சர்க்கரை நோயால் வரும் விழித்திரை பாதிப்புக்கான மாத்திரையும் அதுவல்ல.

சாறு பிழிந்து விடுவதால் என்ன ஆகும்?

பொன்னாங்கண்ணிக் கீரையைச் சமைத்துச் சாப்பிடுவதில் தப்பே இல்லை. இலைச் சாற்றையோ பூச்சாற்றையோ கண்ணில் பிழிவதுதான் ஆபத்து. தோட்ட வேலையில் இலையோ குச்சியோ கீறிய கண்ணில் சுத்தமில்லாத சாறு விழுந்தால் கிருமியும் பூஞ்சையும் சேர்ந்து உள்ளே போகும். மதுரை மாவட்டத்தில் 1990-களில் எடுத்த கணக்குப்படி, ஆண்டுக்கு 10 ஆயிரம் பேரில் சுமார் 11 பேருக்குக் கருவிழிப் புண் வந்தது. பணக்கார நாடுகளைவிடப் பல மடங்கு அதிகம். அப்படிப் புண்ணான கருவிழி ஆறும்போது, அம்பாடி குழு சொன்ன அந்தப் பொறி தோற்றுப்போய், தெளிவாக இருந்த இடத்தில் ரத்தக்குழாய் படர்ந்துவிடலாம். எதைத் தடுக்க வேண்டும் என்று பேசுகிறோமோ, அதையே வரவழைத்த கதையாகிவிடும்.

குரங்கணிக்காரர் எங்கே போகணும்?

சுகர், பிரஷர் மாத்திரை 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் வீட்டுக்கே வரும். விழித்திரையைப் பார்க்க மட்டும் மலை இறங்கித்தான் ஆகணும். போடியில் அரவிந்த் கண் மருத்துவமனையின் விஷன் சென்டர் இருக்கிறது, தேனியில் அதன் மருத்துவமனை இருக்கிறது. இங்குள்ள விஷன் சென்டர்களைத் தேனியோடு இணைத்து டாக்டர் வீடியோவில் பார்க்கும் ஏற்பாட்டுக்காக, 2000-களிலேயே கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தினர் நீண்ட தூர வைஃபை அமைத்துக் கொடுத்தார்கள் என்பது பலருக்கும் தெரியாத தகவல். மேல்சிகிச்சைக்கு மதுரை போகச் சொன்னால், 2023 ஜூனில் இருந்து போடிக்கு மறுபடியும் ரயில் ஓடுகிறது.

சுகர் உள்ளவர்கள் பார்வை நன்றாகத் தெரிந்தாலும் வருஷம் ஒரு தடவை விழித்திரைப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். புதுக் குழாய் முளைக்கும்போது வலி இருக்காது, உடைகிற வரை பார்வையும் குறையாமல் இருக்கலாம். 60 வயதைத் தாண்டியவர்கள் வீட்டுக் கதவு நிலையை ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணால் பார்த்துப் பழகலாம், பிறகு கண்ணை மாற்றிப் பார்க்கணும். இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தால் நல்ல கண் கெட்ட கண்ணை மறைத்துவிடும். நிலை நெளிந்தாலோ, நடுவில் திட்டாக மறைத்தாலோ, திடீரென்று கறுப்பு நூல் மிதந்தாலோ அடுத்த சந்தை நாள் வரை தள்ளிப்போடாமல் போக வேண்டும்.

பரிசோதனைக்குப் போகும்போது சாப்பிடும் மாத்திரைச் சீட்டோடு, நாட்டு மருந்து, கேப்ஸ்யூல் எது எடுத்துக்கொண்டாலும் அதையும் கொண்டுபோய்க் காட்டலாம். கண்மணியை விரிக்கச் சொட்டு விடுவார்கள். அதற்குப் பிறகு சில மணி நேரம் வெளிச்சம் கூசும், பக்கத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும். அந்தக் கண்ணோடு குரங்கணி ரோட்டில் பைக் ஓட்ட முடியாது. துணைக்கு ஓர் ஆளோடு போவது, இல்லையென்றால் மத்தியானத்துக்கு மேல் திரும்பும் பஸ் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு கிளம்புவது நல்லது.